குறண்டிப் பள்ளியைக் காணச் செல்வோர்க்கு

விருதுநகர் மாவட்டத்தில் பழமையான துறவியர் பள்ளி ஒன்றைக் காண விரும்பி வெளியூர் அன்பர் எவரேனும் வழி கேட்பாராயின், அவரை எங்கே அனுப்புவது என்பது எளிதில் விடை சொல்லத்தக்க வினா அன்று. பள்ளி இருந்தது, பெரும்பள்ளியாகவே இருந்தது. பாண்டி நாட்டின் குன்றுகள் பலவற்றில் அதன் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அப்பள்ளி நின்ற ஊரில் அதைக் காண இயலாது. கட்டடத்தை ஓரிடத்திலும், கல்லை வேறோரிடத்திலும், பெயரை மற்றோரிடத்திலும் தேடிச் செல்ல வேண்டிய நிலையில் இருக்கிறது குறண்டித் திருக்காட்டாம்பள்ளி.

வெண்புநாட்டுக் குறண்டி எனக் கல்வெட்டுகள் குறிக்கும் ஊர் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. 1985ஆம் ஆண்டு வரை இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கரிசல் பகுதி இது. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் பாண்டியர் ஆட்சியின்போது இங்கிருந்த சமணப் பள்ளி, மதுரையைச் சுற்றிய சமண மலைகளுக்கெல்லாம் ஆசிரியர்களை அனுப்பிய தாய்ப்பள்ளியாக விளங்கியது. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர்மலைக்குச் செல்பவர், செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே வட்டெழுத்தில் பொறித்த வாசகங்களைக் காணலாம். அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் பெயர் திருக்குறண்டி. குறண்டி அட்டோபவாசி படாரர் என்றொரு பெரியவர். அவர் மாணாக்கர் குணசேனதேவர். குணசேனதேவரின் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள். இவ்வாறு ஆசிரியர், மாணாக்கர், மாணாக்கரின் மாணாக்கர் என வழிமுறை அறாமல் சொல்லப்படுகிறது. இவருள் குணசேனதேவர் அம்மலையிலிருந்த பள்ளிக்கே தலைவராக இருந்தவர். குறண்டியில் கற்றவர் மதுரையில் தலைமை ஏற்கும் அளவுக்கு அந்தப் பள்ளியின் பெருமை இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அட்டோபவாசி என்பது இயற்பெயர் அன்று. உண்ணா நோன்பால் பெற்ற சிறப்புப் பெயர். அப்பெரியவரின் பெற்றோர் இட்ட பெயர் எங்கும் காணப்படவில்லை. நோன்பே பெயராகி நிலைத்துவிட்டது.

'பள்ளி' என்ற சொல்லைப் பற்றி இங்குச் சிறிது கூறுதல் தகும். துறவியர் உறைவிடம், படுக்கை, கல்விக்கூடம் ஆகிய மூன்றையும் குறிக்கும் இந்தச் சொல்லில் ஒரு நாட்டின் வரலாறே அடங்கியிருக்கிறது. துறவியர் படுக்க வெட்டிய கற்படுக்கை பள்ளி. அவர் தங்கிய மடம் பள்ளி. அங்கே அவர் ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததனால் கல்விக்கூடமும் பள்ளியாயிற்று. சமணம் தென்பாண்டி நாட்டை விட்டு ஏறத்தாழ நீங்கிவிட்ட பின்பும், காலையில் பை சுமந்து செல்லும் ஒவ்வொரு குழந்தையும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே போகிறது. சமணப் பள்ளிக்கு அளிக்கப்பட்ட இறையிலி நிலத்துக்குப் பள்ளிச்சந்தம் என்று பெயர். நிலம் போயிற்று, சந்தம் போயிற்று, சொல் மட்டும் போகவில்லை.

இனி, பள்ளியின் கல் எங்கே என்று பார்க்க வேண்டும். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழியை ஒட்டிப் பள்ளிமடம் என்றோர் ஊர் உண்டு. இரமண மகரிஷி பிறந்த ஊர் என்பதால் திருச்சுழிக்கு வருவோர் பலர். அவருள் பள்ளிமடத்துக் காளைநாதர் கோயிலுக்கும் சென்று வருபவர் மிகச் சிலர். 10ஆம் நூற்றாண்டில் சுந்தரபாண்டிய ஈசுவரம் எனப் பெயர் பெற்றிருந்த சிவன் கோயில் இது. சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்துக் கொடைகளை இக்கோயிற் கல்வெட்டுகள் சொல்கின்றன. இறந்துபட்ட பாண்டிய அரசகுலத்தான் ஒருவனின் நினைவாக எழுந்த பள்ளிப்படை இது என்பர். இக்கோயிலின் கட்டுமானத்தில்தான் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சுட்டும் எழுத்துடைய கற்கள் இடம் பெற்றுள்ளன. சமணப் பள்ளியின் கல், அரசனின் பள்ளிப்படையில் புகுந்து, ஊர் பள்ளிமடம் ஆயிற்று. இந்த ஊர்ப்பெயரில் உள்ள பள்ளி எந்தப் பள்ளி என்று கேட்டால் இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. சொல்லுக்கு இரு பொருள் இருப்பது புலவருக்கு இன்பம், வரலாற்றாசிரியருக்குத் துன்பம்.

சமணக் கல்லைச் சிவன் கோயிலில் கண்டவுடன் சமயப் பகையால் இடித்தார்கள் என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம். அவ்வாறு சொல்ல இந்தக் கற்களில் ஒரு சொல்லும் இல்லை. ஆதரிப்பாரின்றிப் பாழான கட்டடத்தின் கல்லைப் பக்கத்து ஊரார் எடுத்தாள்வது உலகெங்கும் நடந்ததே. பிரான்சு நாட்டில் கி.பி. 910இல் நிறுவப்பட்ட குளூனி மடம் ஏறக்குறையக் குறண்டிக்குச் சமகாலத்தது. நூற்றுக்கணக்கான கிளைமடங்களுக்குத் தாயாக இருந்தது. உரோமாபுரியில் புதிய பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயம் அங்குதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1798இல் அது வணிகருக்கு விற்கப்பட்டது. அடுத்த கால் நூற்றாண்டில் வெடி வைத்துத் தகர்த்துக் கல்லாக விற்றுவிட்டார்கள். இன்று அங்குச் செல்லும் சுற்றுலாப் பயணி காண்பது அதன் ஒரு சிறு பகுதியைத்தான். இங்கிலாந்திலோ எட்டாம் என்றி மன்னன் 1536 முதல் 1540 வரை மடங்கள் அனைத்தையும் கலைத்தான். கூரையின் ஈயத்தை அரசு எடுத்துக்கொண்டது, சுவரின் கல்லைச் சுற்றுவட்டாரத்தார் எடுத்துக்கொண்டனர்.

தொலைவிலுள்ள ஊர்களுக்குப் போவானேன்? நாகப்பட்டினத்தில் முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரே பள்ளிச்சந்தமாக வழங்கப்பட்டது. அங்கு எஞ்சி நின்ற கோபுரம் 1867இல் அரசாங்க அனுமதியோடு இயேசு சபையாரால் இடிக்கப்பட்டது. எண்ணூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கடற்காற்றைத் தாங்கிய கட்டடம் அது. பௌத்தப் பள்ளியும் சமணப் பள்ளியும் கிறித்தவ மடமும் ஒரே விதமாகவே மறைந்தன. மூன்றின் கல்லும் வேறொருவர் சுவரில் இருக்கிறது.

இடிந்த மடத்தைக் காணச் செல்வது ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு வழக்கமாகவே ஆயிற்று. வை ஆற்றில் படகேறி டின்டர்ன் மடத்தின் கூரையற்ற வளைவுகளைப் பார்க்க மக்கள் திரண்டனர். வேர்ட்ஸ்வொர்த் 1798இல் எழுதிய புகழ்பெற்ற கவிதையின் தலைப்பில் அந்த மடத்தின் பெயர் இருக்கிறது. தலைப்பில் மட்டுமே இருக்கிறது என்பதைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும். கவிதைக்குள் ஆறும் மலையும் மனமும் வருகின்றன, மடம் வரவில்லை. நம்மிடம் குறண்டியைத் தலைப்பாகக் கொண்ட கவிதைகூட இல்லை.

பெயர் எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு விடை தேடிச் சமணர்மலைக்கு அடுத்துச் செல்ல வேண்டிய இடம் கழுகுமலை. கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. மாவட்ட எல்லை அண்மைக் காலத்தது. கரிசலுக்கும் தீப்பெட்டித் தொழிலுக்கும் அந்த எல்லை தெரியாது. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் கழுகாசலமூர்த்தியை வணங்க வருவது வழக்கம். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து அம்முருகனைப் பாடியது என்பதை இம்மலரைப் படிப்போர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. குடைவரையாக அமைந்த கருவறையில் முருகனைத் தொழுதவர் மலையேறினால் வெட்டுவான் கோயிலைக் காண்பர். பாறையை மேலிருந்து கீழாக இருபத்தைந்து அடி ஆழம் வெட்டிச் செதுக்கிய ஒற்றைக் கற்றளி இது. 8ஆம் நூற்றாண்டில் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தது என்பர். எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலோடு இதனை ஒப்பிடுவது மரபாகிவிட்டது. சிகரம் முடிந்திருக்கிறது, அடிப்பகுதி முடியவில்லை. தந்தையும் மகனுமாகிய இரு சிற்பிகளின் போட்டியில் தந்தை மகனைக் கொன்றதால் வேலை நின்றது என்று ஊரார் கதை சொல்வர். நல்ல கதைதான்; ஆனால் எல்லாருடைய கண்ணும் அந்தக் கதையிலேயே நின்றுவிடுவதால், சற்றுத் தள்ளியிருக்கும் பாறைச் சரிவுக்குச் செல்பவர் குறைவு.

அந்தச் சரிவில்தான் பள்ளி இருக்கிறது. சுவரோ கூரையோ உடைய பள்ளி அன்று. நீண்ட பாறை முகப்பில் ஏறத்தாழ 150 திருமேனிகள் வரிசை வரிசையாகப் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. முக்குடையின் கீழ் அமர்ந்த தீர்த்தங்கரர் பலர். பாம்பு படம் விரிக்கப் பார்சுவநாதர். கொடி சுற்றிய கால்களோடு பாகுபலி. சிங்கத்தோடும் குழந்தைகளோடும் அம்பிகை. அருகே அய்யனார் குடிகொண்டிருக்கிறார். திருமேனிகளின் கீழே சுமார் நூறு வட்டெழுத்து வாசகங்கள். பெரும்பாலானவை மிகச் சுருக்கமானவை: இன்ன ஊர் இன்னார் செய்வித்த திருமேனி. அவ்வளவே. அரசன் புகழ் இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை.

இந்தச் சுருக்கத்தில்தான் எத்தனை ஊர்கள்! கோட்டாற்று உத்தநந்தி குருவடிகளின் மாணாக்கர் சாந்திசேனப் பெரியார் இருக்கிறார். வடக்கே நடுநாட்டிலுள்ள திருநறுங்கொண்டைப் பலதேவ குருவடிகளின் மாணாக்கர் கனகவீர அடிகள் இருக்கிறார். குமரி மாவட்டச் சிதறால் மலையாகிய திருச்சாரணத்திலிருந்து வந்தவர் இருக்கிறார். குறண்டித் துறவியரும் இருக்கின்றனர். திருநெச்சுரம் என அந்நாளில் வழங்கிய இந்தக் குன்று, தென்னாட்டுத் துறவியர் எல்லாரும் வந்து தங்கிக் கற்றுச் சென்ற இடமாக இருந்தது. பராந்தக வீரநாராயணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று குணசாகர பட்டாரர் உள்ளிட்ட பத்து வைராக்கியருக்கு உணவளிக்கவும், அங்குச் சித்தாந்தம் உரைக்கவும் நிலம் விடப்பட்டதைக் கூறுகிறது. சோறும் பாடமும் ஒரே கொடையில் அடங்கியிருப்பது கருதத்தக்கது.

குணசாகரர் என்ற பெயரைப் படித்ததும் யாப்பருங்கலக் காரிகையின் உரையாசிரியர் நினைவுக்கு வராத யாப்புப் பயிற்சியாளர் இருக்க முடியாது. இருவரும் ஒருவரே என்று எழுதினாரும் உண்டு. ஆசை நல்லது, காலம் ஒத்துவரவில்லை. கழுகுமலைக் குணசாகரர் 9ஆம் நூற்றாண்டினர். காரிகையோ அதற்கு ஒரு நூற்றாண்டேனும் பிற்பட்டது. சமணத் துறவியரிடையே நந்தி, சேனன், சாகரன் என்று முடியும் பெயர்கள் மீண்டும் மீண்டும் இடப்பட்டவை. பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு ஆளை ஒன்றாக்கலாகாது. எனினும், வெண்பாவுக்கும் கட்டளைக்கலித்துறைக்கும் இலக்கணம் வகுத்த மரபு இத்தகைய பாறை நிழல்களில்தான் வளர்ந்தது என்று சொல்வதில் பிழையில்லை.

கழுகுமலைக் கல்வெட்டுகளில் மிகவும் நின்று படிக்க வேண்டியவை குரத்தியரைப் பற்றியன. குரவர் என்பதன் பெண்பாலே குரத்தி. ஆசிரியப் பெண் துறவி என்பது பொருள். திருச்சாரணத்துக் குரத்தியார், நால்கூர்க் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார், சங்கக் குரத்தியார், அரிட்டநேமிக் குரத்தியார் என்று பலர் பெயர் இங்கே உள்ளது. ஊர்ப்பெயரால் அழைக்கப்படும் அளவுக்கு ஊரறிந்த ஆசிரியைகள். மம்மைக் குரத்தியாரின் மாணாக்கியார் அரிட்டநேமிக் குரத்தியார் என ஆசிரியையும் மாணாக்கியுமாகிய பெண் வழிமுறையும் காணப்படுகிறது. பெண்ணைக் குருவாகக் கொண்ட ஆண் மாணாக்கரும் உண்டு. திகம்பர நெறியோ பெண் பிறவியில் வீடுபேறு இல்லை என்று கூறுவது. வீடுபேறு மறுக்கப்பட்டவளிடம் அதை அடையும் வழியைக் கற்க மாணவர் வந்து அமர்ந்தனர் என்றால், பாண்டி நாட்டுச் சமணம் நூலில் எழுதியபடி மட்டும் நடக்கவில்லை என்பது விளங்கும். பெண்ணுக்கும் வீடுபேறு உண்டெனக் கொண்ட யாபனீயப் பிரிவின் தாக்கம் எனச் சில அறிஞர் விளக்குவர்.

இது கழுகுமலைக்கு மட்டும் உரியதன்று. வந்தவாசிப் பக்கத்து வேடலில், முதலாம் ஆதித்த சோழன் காலக் கல்வெட்டு ஒன்று, கனகவீரக் குரத்தியாரையும் அவர் மாணாக்கியர் ஐந்நூற்றுவரையும் குறிப்பிடுகிறது. அவர்களுக்கும் நானூற்றுவரான மற்றொரு கூட்டத்தாருக்கும் பிணக்கு நேர்ந்தபோது, இவர்களைக் காத்து உணவளிக்க ஊரார் பொறுப்பேற்றனர். 9ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் ஆசிரியரின்கீழ் 500 மாணாக்கியர் என்பது உலக வரலாற்றிலேயே அரிய செய்தி. பள்ளிப் பாடநூல்களில் ஒளவையாருக்குக் கிடைத்த இடத்தில் ஒரு சிறு மூலையேனும் இந்தக் குரத்தியருக்குக் கிடைத்திருக்கலாம். பேச்சிப்பள்ளத்தில் அச்சணந்தியின் தாயார் குணமதியார் பெயர் வரும் கல்வெட்டும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. பாண்டி நாடெங்கும் திருமேனிகள் செய்வித்த துறவி அச்சணந்தி. அவரைப் பெற்றவளின் பெயரும் அவரது பெயரோடு பாறையில் ஏறிவிட்டது.

திருமேனி செய்வித்த இல்லறத்தார் யார் என்று பார்த்தால், அவருள் தச்சரும் கொல்லரும் குயவரும் இருக்கின்றனர். சிலர் தம் பொருட்டுச் செய்வித்தனர். சிலர் வேறொருவரைச் 'சார்த்தி'ச் செய்வித்தனர். நற்பயன் அவருக்குச் சேர வேண்டும் என்று. உளி பிடித்த சிற்பிக்குக் கூலி கொடுத்து, தமக்கு உரியவரின் பெயரைப் பாறையில் ஏற்றிவிட்டு இறங்கிப் போன கைத்தொழிலாளர் அவர்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் பெயர் இருக்கிறது.

கீழே கரிசலில் இன்று கைத்தொழில் செய்பவர் வேறு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த பின், மழை பொய்த்த இந்த நிலத்தில் கந்தகமும் வெடியுப்பும் சோறு போட்டன. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என மூன்று தொழில் வளர்ந்தன. பட்டாசுப் பெட்டியின் மேல் வண்ணப் படம் இருக்கும், ஆலையின் பெயர் இருக்கும். திரி முறுக்கியவளின் பெயரும் மருந்து செலுத்தியவன் பெயரும் இருப்பதில்லை. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5ஆம் நாள் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் மாண்டவர் பலர். அவர்கள் பெயர் நாளிதழில் ஒருநாள் வந்தது. அவர்களைச் சார்த்தி எந்தப் பாறையிலும் எதுவும் இல்லை. கழுகுமலைக்குப் பேருந்தேறி வரும் சிவகாசித் தொழிலாளி, தச்சனும் குயவனும் பெயர் எழுதிவைத்த பாறையின் முன் நின்று, அதைப் படிக்கத் தெரியாமல் திரும்பிப் போகிறார்.

படிக்கத் தெரியாமை அவருக்கு மட்டும் உரியது என எண்ண வேண்டா. வட்டெழுத்து, சோழர் பாண்டி நாட்டைக் கைக்கொண்ட பின் மெல்ல வழக்கொழிந்தது. மொழி தமிழ்தான், 'செய்வித்த திருமேனி' என்ற தொடரைக் காதால் கேட்டால் ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கும் புரியும். கண்ணால் பார்த்தாலோ பேராசிரியருக்கும் கோடுகளாகத்தான் தெரியும். தன் மொழியையே படிக்க இயலாமல் நிற்கும் இந்த நிலை, டின்டர்ன் மடத்தைக் காணச் சென்ற ஆங்கிலேயருக்கு நேர்ந்ததன்று. நூறு எழுத்துகளுக்கும் குறைவான வரிவடிவம் இது; முயன்றால் சில நாட்களில் கற்றுவிடலாம். தளையும் தொடையும் கற்க ஆண்டுக்கணக்கில் உழைக்கும் கவிஞர்கள் இதற்குச் சில ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானதே.

பாறையில் பெயர் எழுதும் ஆசை மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. சமணக் குன்றுகள் பலவற்றில் சுண்ணாம்பாலும் கரியாலும் ஆணியாலும் எழுதிய காதலர் பெயர்களையும் ஆண்டுகளையும் காணலாம். தொல்லெழுத்தின் மேலேயே கீறியவரும் உண்டு. மதுரைப் பக்கத்திலோ கீறலைக் காட்டிலும் பெரிய கேடு வந்தது. கல்குவாரிகள் மலைகளை உண்ணத் தொடங்கியபோது, கீழக்குயில்குடி போன்ற ஊர்களின் மக்களும் வரலாற்று ஆர்வலரும் முன்னின்று தடுத்ததனால்தான் சில குன்றுகள் பிழைத்தன. குறண்டியின் கட்டடம் போனபின் எஞ்சிய அதன் பெயரும் கல்லாக உடைபட்டிருக்கும்.

விருதுநகர் மாவட்டத்துக்குள்ளேயே காண விரும்புவோர் அருப்புக்கோட்டைப் பகுதியிலுள்ள கோவிலாங்குளம் செல்லலாம். முதலாம் குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 1118இல் முக்குடையாருக்கு, அதாவது முக்குடை கவித்த அருகதேவனுக்கு, ஊரார் பலர் கூடிக் கோயில் எடுத்த செய்தி அங்குக் கல்வெட்டாக உள்ளது. சோழர் ஆட்சியிலும் வெண்புநாட்டில் சமணம் உயிரோடிருந்தமைக்கு இது சான்று. அந்தக் கோயிலும் முழுமையாக இல்லை. அமர்ந்த நிலையிலுள்ள தீர்த்தங்கரரை ஊரார் அம்பலப்பசாமி என்று அழைத்து வணங்கி வருகின்றனர். சமணம் இன்னதென அறியாதவர்களே அந்தச் சிலையைக் காத்தவர்கள். அறிந்தவர்கள் பிறகுதான் வந்தார்கள்.

செல்வோர்க்கு ஒன்று. நண்பகலில் கழுகுமலை ஏறுவதில் பயனில்லை. கால் சுடும், உச்சி வெயிலில் எழுத்தும் தெரியாது. வட்டெழுத்தின் கீற்றுகள் ஆழம் குறைந்தவை. வெயில் பக்கவாட்டில் சாயும் நேரத்தில், கீற்றின் ஓரத்தில் நிழல் விழும்போதுதான் அவை எழுந்து நிற்கும். அந்த நேரத்தில் பாறையின் முன் சற்றே குனிந்து நின்றால், குரத்தியார் என்ற சொல்லின் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் புலப்படும்.